மாத்தூரில் இறங்கிய அம்மா

பழுப்பு நிற ரெக்சின் பை அது. ஜிப் பாதியில் நின்றுவிடும் என்பதால் மேலே ஒரு ஊக்கு குத்தியிருந்தேன். கீரனூர் நிறுத்தத்தில், திருச்சிக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியாக அதை நீட்டினேன். உள்ளேயிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. எங்கள் தடத்தில் இது தினமும் நடப்பதுதான். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பெயர், ஊர் எதுவும் கேட்கமாட்டார். சாப்பாட்டுத் தூக்கு, புத்தகப் பை, சில நேரம் கைக்குழந்தைகூட அப்படித்தான் முன்பின் தெரியாத மடிக்குப் போகும். ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் காலைப் படியில் வைக்க வேண்டும், பிறகுதான் பையைக் கொடுக்க வேண்டும். நான் ஒரு அவசரக்குடுக்கை, பையை முதலில் கொடுத்துவிட்டேன். படியில் தொங்கியவர்களைத் தாண்டி ஏற முடியவில்லை. விசில் ஊதினார்கள், பஸ் போய்விட்டது. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை என் அசல் சான்றிதழ்கள் அத்தனையும் அந்தப் பைக்குள். மூன்று வருடம் படித்து எழுதிய அரசு வேலைத் தேர்வுக்கு அன்று பத்தரை மணிக்குத் திருச்சியில் சான்றிதழ் சரிபார்ப்பு. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நடுரோடு என்றும் பாராமல் அழுதேன். டீக்கடைக்காரர்தான், "அழுவாதீங்க, பின்னாலயே ஒரு வண்டி வருது. பை எங்கிட்டும் போயிடாது, ஏறுங்க" என்று அனுப்பிவைத்தார். அந்த பஸ்ஸிலும் படியில்தான் இடம் கிடைத்தது. மாத்தூர் வந்தபோது, வெயிலில் ஒரு அம்மா என் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஊக்கு குத்துன பை யாரோடது? ஊக்கு குத்துன பை!" என்று கத்திக்கொண்டு நின்றார். எனக்காக, இருந்த சீட்டை விட்டு இறங்கியிருக்கிறார். "என்னோடதுங்க!" என்று படியில் நின்றபடியே எட்டி வாங்கினேன். "நான் தெறக்கல ஆத்தா. எல்லாம் இருக்கான்னு பாத்துக்க" என்றார். அவருடைய கக்கத்தில் ஒரு எக்ஸ்ரே கவர் இருந்தது. ஒரு காலைப் படியில் வைத்து, "கொஞ்சம் நவுருங்க, ஆஸ்பத்திரியில டோக்கன் மூடிருவாங்க" என்று கெஞ்சினார். யாரும் நகரவில்லை. நானும் நகரவில்லை. நான் நெஞ்சோடு அணைத்திருந்த அந்தப் பையைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்திருந்தால்கூட ஒரு ஆள் ஏறியிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீ போ ஆத்தா, ஒனக்கு நேரமாச்சு. நான் அடுத்ததுல வாரேன்" என்று காலை எடுத்துக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே திருச்சி போய்ச் சேர்ந்த பிறகுதான்.

வேலை கிடைத்தது. இருபது வருடங்களாக அதே தடத்தில்தான் போய் வருகிறேன். மாத்தூர் வந்தால் ஜன்னல் வழியே அந்த அம்மாவைத் தேடாத நாள் இல்லை. அது அவருடைய ஊரே இல்லை, எனக்காக இறங்கிய இடம் என்று தெரிந்தும் தேடுவேன். அந்த எக்ஸ்ரே யாருடையது, அன்று டோக்கன் கிடைத்ததா, எதுவும் தெரியாது. அதற்கு ஈடாக நினைத்துக்கொண்டு, சீட் கிடைத்த நாளெல்லாம், நிற்பவர்களின் பைகளைக் கேட்டு வாங்கி மடியில் அடுக்கிக்கொள்வேன். "கவர்மென்டு சம்பளம் வாங்குற சுமைதாங்கி" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்கு உள்ளூரப் பெருமைதான். அந்த அம்மா செய்ததை நானும் நாலு பேருக்குச் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கீரனூரில் ஒரு பெண் ஜன்னல் வழியாகத் தன் பையை என்னிடம் நீட்டினாள். கல்லூரி முடித்த வயதுதான் இருக்கும். அவளும் என்னைப் போலவே, காலை வைக்காமல் பையைக் கொடுத்துவிட்டாள். பஸ் கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் போவதற்குள் பைக்குள் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பெண்தான், யாருடைய போனையோ வாங்கிப் பேசினாள். "அக்கா, நான்தாங்க்கா, பை குடுத்தவ. மாத்தூர்ல எறங்கி நிக்கிறீங்களா அக்கா? அடுத்த வண்டியில வந்துடுறேன்." அன்று ஆபீசில் எனக்கு அவசர வேலை ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் தாமதமாகியிருந்தால் ஒரு பேச்சு கேட்டிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் ஜன்னலோர சீட், வெளியே வெயில். "கண்டக்டர்ட்ட குடுத்துடுறேன்மா, திருச்சி ஸ்டாண்டுல வாங்கிக்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவும் அன்று கேட்கவில்லைதான். ஆனால் அவர் கேட்காமல் இறங்கினார். "சரிங்கக்கா, ரொம்ப நன்றி" என்றாள் அந்தப் பெண்.

நான் சொல்லாமல் விட்ட வார்த்தையை அவள் எனக்குச் சொன்னாள். மாத்தூர் வந்தது. பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அப்போதும் பை என் மடியில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.