தோல் சீவின கருப்பு அத்தி

யுவஸ்ரீன்னா காலேஜ் லேபுல எல்லாருக்கும் கொஞ்சம் பயந்தானுங்க. சோமனூர்ப் புள்ள. மிஷின் ஓடறப்ப பக்கத்துல நின்னு யாராச்சும் தும்முனாக்கூட மொறைக்கும். எந்த ரக அத்திப்பழத்துல என்னென்ன ஆன்டிஆக்ஸிடன்ட், எவ்வளவு இருக்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் அதோட ஆராய்ச்சி.

காரமடை அங்கப்பன் தோட்டத்துப் பழத்துல பச்சை அத்தி ஜெயிச்சுருச்சு, கருப்பு அத்தி மண்ணைக் கவ்விருச்சு. கருப்புக்கு நிறம் குடுக்கற ஆந்தோசயனின்ங்கற ஆன்டிஆக்ஸிடன்ட் பேருக்குத்தான் இருந்துச்சு. மனசு ஒப்பலைதான், திரும்பத் திரும்ப ஓட்டியும் அதேதானுங்க. பேப்பர் எழுதி அனுப்பியாச்சு. அதை வெச்சு லெக்சரர் வேலையும் கிட்டத்தட்ட முடிவாயிருச்சு. அங்கப்பனுக்கும் போன்ல சொல்லிருச்சு.

அவர் கருப்பு மரத்தையெல்லாம் புடுங்க ஜேசிபிக்குச் சொல்லிப்போட்டார்! கேட்டதும் புள்ளை ஓடிப்போய் பஸ் ஏறுச்சு.

போனவளை அங்கப்பன் சம்சாரம் மயிலாத்தாள் சும்மா உடுவாங்களா? "மொதல்ல சாப்புடு அம்மணி"ன்னு தட்டை நீட்டுனாங்க. கருப்பு அத்திதான். தோலைச் சுத்தமாச் சீவியிருந்தாங்க.

யுவஸ்ரீ தட்டையே பாத்துது. "ஏனுங்க, அன்னைக்கு லேபுக்கு அரைச்சுக் குடுத்துவிட்டதும் இப்படித்தானுங்களா?"

"பின்ன? உனக்கெதுக்குச் சிரமம்னு நானே மிக்சில போட்டேன். பச்சைக்குத் தோல் மெல்லிசு, சீவலை. கருப்புக்குக் கெட்டி, நாக்கு அரிக்கும். படிக்கற புள்ளைக்கு அதைக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அட கடவுளே! நிறமெல்லாம் தோல்லதானுங்க இருக்குது. அந்தத் தோல் மாட்டுத் தீவனமாப் போயிருச்சு. வேற ஒருத்தியா இருந்தா மயிலாத்தாளை ஒரு புடி புடிச்சிருப்பா. இந்தத் தங்கம் நேரா அங்கப்பன்கிட்டப் போச்சு.

"மரத்துல கை வெக்காதீங்க. நான் சொன்னது தப்புங்க. அரைச்ச பழத்தை நான் வாங்கியிருக்கவே கூடாதுங்க."

அங்கப்பன் யோசிச்சார். "எங்கிட்ட சொல்லிப்போட்டே, சரி கண்ணு. உன்ற பேப்பரைப் படிச்சுப்போட்டு வேற எவனாச்சும் மரத்தைப் புடுங்குனா?"

ஜேசிபி வந்து வேலியோரம் உறுமிட்டு நின்னுது. யுவஸ்ரீ அங்கயே போனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு, அதோட புரொபசரைக் கூப்புட்டுது.

"சார், நம்ம பேப்பரை வாபஸ் வாங்கோணுமுங்க. தப்பு என்னுதுங்க."

"பைத்தியமா உனக்கு? வேலை போயிரும்மா!"

"போகட்டுமுங்க சார்."

அங்கப்பன் ஜேசிபிக்காரரைப் பாத்துக் கையைக் காட்டுனார். "வண்டியத் திருப்புங்க தம்பி."