சலதாரை வழியாகப் போன ஜாதிமல்லி

ஈரச் சிமெண்டு வாசமும் அப்போதுதான் மலர்கிற ஜாதிமல்லியின் வாசமும் கலந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், ஒண்டிப்புதூர் பக்கம் எங்கள் வீட்டின் பின்வாசலை இரண்டாக்கி ஹாலோ பிளாக் சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது, நான் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து அந்த வாசத்தை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. சுவருக்கு அந்தப் பக்கம் இனி பெரியப்பாவின் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை எல்லாமே ஒரே வீடாக இருந்ததால் எனக்கு அது சரியாகப் புரியவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய லேத்துப் பட்டறையில் ஏதோ மனத்தாங்கல் வந்து, அது பேச்சாகி, பேச்சு வளர்ந்து, கடைசியில் சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து டேப் பிடித்து அளந்து பாகம் பிரித்துவிட்டுப் போனார்கள். அளந்த கோடு ஜாதிமல்லியின் வேரை ஒரு சாண் தள்ளி எங்கள் பக்கம் விட்டுவிட்டது. அந்தக் கொடி பெரியம்மா கல்யாணமாகி வந்த வருஷம் பவானியிலிருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவர் அதைச் சொல்லவும் செய்தார். "ஒரு பூச்செடிக்காகச் சொவுரு கோணலாப் போவாதுங்க" என்று பெரியப்பாவே வீறாப்பாகச் சொல்லிவிட, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெரியம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. சாரம் கட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தப் பக்கம் படர்ந்திருந்த கிளைகளையெல்லாம் கொத்தனார் அறுத்துப் போட்டார். பெரியம்மா கீழே விழுந்த கிளைகளிலிருந்து மொட்டுகளைப் பொறுக்கிக் கட்டி, எப்போதும்போலப் பாதியை அம்மாவுக்குக் கொடுத்தார். மறுநாள் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது.

"அங்கிருந்து இங்கயோ இங்கிருந்து அங்கயோ ஒரு துரும்பு போகக் கூடாது" என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார். அப்பா கெட்டவர் இல்லை, ஆனால் கோபம் வந்தால் அதைக் கீழே வைக்கத் தெரியாதவர். அம்மாதான் பாவம். பதினெட்டு வயதில் பல்லடத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரையில் எது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் நின்றபோது, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவர் பெரியம்மா. அம்மா அவரை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவார். இப்போது அக்கா வைத்த கொடியில் தினமும் பூப்பறித்துத் தன் தலையில் மட்டும் வைத்துக்கொள்ள அம்மாவுக்குக் கூசியது. பூவைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு வெறும் தலையோடு இருந்தார்.

எப்படியாவது அந்தப் பக்கத்தில் ஒரு கொடி வளர்ந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் மனதில் பதிந்துவிட்டது. அப்பா பட்டறைக்குப் போன பிறகு குச்சிகளை வெட்டி, ஈரத்துணி சுற்றி, சுவருக்கு மேலே வீசிப் பார்த்தார். அவை எல்லாம் காய்ந்துபோயின என்று தெருக்குழாயில்தான் தெரியவந்தது. சிறுவாணித் தண்ணீர் வருகிற காலை நேரத்தில் இரண்டு பேரும் குடத்தோடு நிற்பார்கள். தெருவே பார்க்கும் என்பதால் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். ஒரு நாள் பெரியம்மா தன் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குச்சி புடிக்காதம்மணி. பதியந்தான் போடோணும். தாயோட ஒட்டிட்டு இருந்தாத்தான் அது வேர் உடும்."

தாய்க்கொடி இந்தப் பக்கம், மண் அந்தப் பக்கம். நடுவில் சுவர். ஆனால் அந்தச் சுவரின் அடியில் ஒரு ஓட்டை இருந்தது. எங்கள் வாசல் மேடு, அவர்கள் வாசல் பள்ளம் என்பதால், மழைத்தண்ணீர் அந்தப் பக்கமாகப் போய்த்தான் தெருவுக்கு வடிய வேண்டும். அதனால் ஒரு 'சலதாரை' விடுவதற்கு மட்டும் அண்ணன் தம்பி இரண்டு பேருமே சம்மதித்திருந்தார்கள். ஆடி மாதம் அம்மா கொடியின் அடியிலிருந்து நீளமான ஒரு கிளையை அந்த ஓட்டை வழியாக மெதுவாக நுழைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டது. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கிளையின் நடுவில் தோலை லேசாகச் சுரண்டி, அந்த இடத்தை மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் வைத்து, நுனியை வெளியே விட்டிருக்கிறார் பெரியம்மா. இந்தப் பக்கம் வேருக்கு அம்மா தண்ணீர் ஊற்றுவார், அந்தப் பக்கம் கல்லின்மேல் பெரியம்மா ஊற்றுவார். இரண்டு சத்தத்தையும் நான் கேட்டிருக்கிறேன். ஓட்டை தெரியாமலிருக்க அம்மா அதன் முன்னால் ஒரு பழைய வாணலியைச் சாய்த்து வைத்திருந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அடித்து வந்த சருகும் குப்பையும் அந்தக் கிளையில் மாட்டிச் சலதாரையை அடைத்துவிட, எங்கள் வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று அடுப்பங்கரைப் படியைத் தொட்டது. அப்பா கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போய் வாணலியை நகர்த்தி, கையை விட்டுத் துழாவினார். கிளை கையில் தட்டுப்பட்டது. அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"என்ன புள்ள இது?"

அம்மா பொய் சொல்லவில்லை. "பதியமுங்க. அக்காளுக்கு. அவிய வெச்ச கொடிதானுங்களே."

அப்பா அரிவாளை எடுத்தார். "இன்னும் வேர் புடிச்சுதா என்னன்னு தெரியாதுங்க, சித்தெ பொறுங்க" என்று அம்மா மழையில் இறங்கி ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் கிளை அறுந்துவிட்டது. தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் குபுகுபுவென்று அந்தப் பக்கம் பாய்ந்தது. அம்மா அழுத மாதிரி அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

வேர் விடாமல் அறுத்தால் பதியம் செத்துப்போகும். வேர் விட்டிருந்தாலும் அந்த வெள்ளம் மண்ணோடு அடித்துக்கொண்டு போயிருக்கலாம். அது பிழைத்ததா இல்லையா என்று தெரியாமலே எங்கள் வீட்டில் கார்த்திகை போய், மார்கழியும் பாதிக்குமேல் ஓடியது. அம்மா குழாய்க்கு நேரம் மாற்றிப் போனார். நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றதற்கு, "வேண்டாங்கண்ணு. பட்டுப்போச்சுன்னு அவிய வாயால சொல்ல வெக்க வேண்டாம்" என்றார். எங்கள் கொடியும் அழகாக இல்லை. அடியெல்லாம் மரம்போலத் தடித்து, உள்ளே காய்ந்த குச்சிகள் சிக்கலாகப் பின்னி, இலை பழுத்துக் கிடந்தது. அம்மா அந்தப் பக்கமே போகவில்லை.

தைப் பொங்கலுக்குச் சில நாள் முன்பு, அப்பா வெளியில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்த காலையில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. ரகசியமாக இல்லை, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"ஏனம்மணி, மார்கழி முடியப் போவுது, கொடியக் கவாத்துப் பண்ணலியா? முழங்கால் ஒசரம் உட்டுப்போட்டு எல்லாத்தையும் வெட்டு. பாவம் பாத்தீன்னா பூக்காது."

அம்மா விளக்குமாற்றோடு அப்படியே நின்றார். பிறகு அப்பா இருப்பதையும் பொருட்படுத்தாமல், "அக்கா, அது..." என்றார்.

"வந்துருச்சு கண்ணு. நல்லா வந்துருச்சு. ஐப்பசியில அறுக்கோணும்னு நானும் நெனச்சுட்டேதான் இருந்தேன், எனக்குக் கை வருல. கொளுந்தனாரு சரியான நேரத்துலதான் அறுத்துருக்காரு."

அப்பாவின் முகத்தில் பாதி சோப்பு நுரை இருந்தது. அவர் மீதி சவரத்தை முடித்தார், முகம் கழுவினார், அரிவாளைத் தீட்டிக்கொண்டு வந்து கொடியை வெட்ட ஆரம்பித்தார். வாசல் முழுக்கக் கிளைகள் விழுந்தன. முழங்கால் உயரத்துக்கு நாலைந்து மொட்டைக் கட்டைகள் மட்டும் மிஞ்சின. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் வேலையாகிவிட்டது. மாசியில் கட்டைகளின் கணுவெல்லாம் சிவந்த தளிர் விட்டது. சித்திரையில் சுவரின் இரண்டு பக்கமும் பூத்தது, அம்மா மறுபடியும் தலையில் பூ வைத்துக்கொண்டார்.

அண்ணனும் தம்பியும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. கதைகளில் வருவதுபோல ஒரு பூச்செடி அவர்களைச் சேர்த்துவைத்துவிடவில்லை. ஆனால் அதற்குப்பின் பெண்கள் இருவரும் சுவருக்கு மேலே சத்தமாகவே பேசிக்கொண்டார்கள், அப்பாவும் அதைத் தடுக்கவில்லை. பெரியப்பா இறந்தபோதுதான் அப்பா அந்த வாசலில் கால் வைத்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு பின்பக்கம் போய்ச் சுவரோரம் கொடியின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார். பெரியம்மா அதன்பின் பூ வைப்பதை விட்டுவிட்டார், கட்டுவதை மட்டும் விடவில்லை. கட்டியதெல்லாம் சுவர் தாண்டி என் அம்மாவின் தலைக்கு வந்தது. அம்மாவைக் கடைசியாகக் கிடத்தியிருந்தபோதும் தலைமாட்டில் இருந்தது அந்தப் பூதான்.

இப்போது அந்த இரண்டு வீடும் இல்லை. விற்று, இடித்து, மேலே அடுக்குமாடி எழுந்துவிட்டது. சுவரையும் கொடிகளையும் ஒரே காலையில் மண் அள்ளும் இயந்திரம் வாரிப்போட்டது. பெரியம்மா உயிரோடிருந்தபோது போட்டுக்கொடுத்த பதியம் ஒன்று மட்டும் என் வீட்டு பால்கனியில் தொட்டியில் இருக்கிறது. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், போன வருஷம் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு ஒண்ணு வேணும்" என்று கேட்டான். பக்கத்தில் இன்னொரு தொட்டியை வைத்து, கிளையை வளைத்துப் புதைத்துக் கல் வைத்தேன். வேர் பிடித்துவிட்டது, புதுத்தளிரும் வந்துவிட்டது. இனி தாயிடமிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஐப்பசி வந்து போய்விட்டது. கத்திரியை எடுத்துக்கொண்டு போகிறேன், கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். பெரியம்மாவைப் போலவே எனக்கும் கை வரவில்லை. கோபத்தோடு வந்து அறுத்துப் போட அப்பாவும் இல்லை.