மனுவோடு மேடைக்கு வந்த ஆமை

இரண்டு வருடங்களுக்கு முன், உப்பு வாரும் கோடையில், மரக்காணத்தில் நடந்தது இது. உப்பளத் தொழிலாளர்களுக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புதிதாகக் கட்டிய ஓய்வுக் கொட்டகையைத் திறந்து வைக்க எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வருவதாக இருந்தது. அவரிடம் எங்கள் மகளிர் குழு சார்பில் ஒரு மனு கொடுக்க வேண்டும். மேடையேறி அதைப் படிக்கப் போவது நான்.

நானாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை. குழுத் தலைவி என் கணவரின் அக்கா. "நீதான் டிகிரி படிச்சிருக்க, நீயே எழுது, நீயே படி" என்று சொல்லிவிட்டார். அண்ணி சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

எங்கள் பக்கம் முட்டையிடக் கரையேறும் கடலாமைகள் வலையில் சிக்கிச் செத்து ஒதுங்குகின்றன. முள்காட்டில் இருக்கும் நட்சத்திர ஆமைகளைச் சிலர் சாக்கில் போட்டு வெளியூருக்கு விற்பதாகவும் அப்போது பேச்சு. இப்படி அருகிப் போகிற நம் ஊர் உயிர்களைக் காப்பாற்றச் சட்டத்தை இன்னும் பலமாக்க வேண்டும், அதற்காகச் சட்டமன்றத்தில் பேச வேண்டும் என்பதுதான் மனு.

நான் எதையும் இரண்டு தடவை யோசிப்பவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மனுவையும் அப்படித்தான் எழுதினேன். "விற்பவர், வாங்குபவர், வீட்டில் வைத்திருப்பவர் ஆகியோருக்கு எளிதில் ஜாமீன் கிடைக்கக் கூடாது" என்று முதலில் எழுதியிருந்தேன். அதில் யாராவது சந்து கண்டுபிடித்து நழுவிவிடுவார்களோ என்று தோன்றியது. "யாராயினும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்த பிறகுதான் மனசு நிம்மதியானது.

கிளம்பும்போது வழக்கம் போலப் பெரிய பை. எல்.கே.ஜி. முடித்திருந்த மகளுக்கு மாற்றுத் துணி, அந்த மாற்றுத் துணி ஈரமானால் போட இன்னொரு மாற்றுத் துணி, ஆற வைத்த வெந்நீர், காய்ச்சல் மருந்து, துண்டு, வாழைப்பழம், எல்லாவற்றுக்கும் மேலே மனு. வாசலில் காத்திருந்த அண்ணி பையைப் பார்த்தார்.

"ஏம்மா, எம்.எல்.ஏ.வப் பாக்கப் போறியா, பாண்டிச்சேரிக்குக் குடி போறியா?"

அவ்வளவு பெரிய பையாக இல்லாமல் போயிருந்தால் இந்த அனுபவமே நடந்திருக்காது.

சாலையோரம் ஷாமியானா போட்டிருந்தார்கள். பின்னால் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. எம்.எல்.ஏ. வந்து ரிப்பன் வெட்டி, பேச ஆரம்பித்தார். மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததால், கூட்டத்துக்கு வந்திருந்த வனக்காப்பாளர் ஒருவரையும் காக்கிச் சட்டையோடு அதில் உட்கார வைத்திருந்தார்கள். அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள் என்றார் அண்ணி. மனு பைக்குள் சரிந்திருந்தது. துழாவினேன். தண்ணீர் பாட்டிலின் மூடி கையில் தட்டுப்பட்டது.

மூடி நகர்ந்தது.

பையை விரித்துப் பார்த்தேன். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள், நட்சத்திரம் நட்சத்திரமாக. வாழைப்பழத்தில் பாதியைக் காணோம்.

"அம்மா, மூடு. வெளிச்சம் பட்டா முழிச்சுக்கும்" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"இத எங்கடி எடுத்த?"

"நம்ம வேலிக்கிட்ட. அத்தை பாத்தா துரத்திடுவாங்க. அதான் பைல வெச்சேன்."

அத்தை துரத்துவார் என்பது உண்மைதான். ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. ஆமைக்காக மனு கொடுக்கச் சொன்ன அண்ணிக்கும் அந்தப் பயம் உண்டு. அது காட்டில் நன்றாக இருக்கட்டும், நம் வாசலுக்கு வராமல் இருந்தால் சரி என்பது அவர் கொள்கை.

எனக்கு வேறு பயம். ஒரு கையில் ஆமை வைத்திருப்பவரை விடக் கூடாது என்கிற மனு, மறு கையில் ஆமை. பத்தடி தூரத்தில் காக்கிச் சட்டை. "யாராயினும்" நானே என் கையால் சேர்த்த சொல். ஜெயிலுக்குப் போனால் குழந்தைக்கு யார் தலை பின்னிவிடுவார்கள், அவள் அப்பாவுக்கு ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும்தானே ரெட்டை ஜடை போட வரும் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். பிறகு பையை மெல்ல அண்ணி பக்கம் சாய்த்துக் காட்டினேன்.

அண்ணி பார்த்தார். பையை மூடினார். மேடையைப் பார்த்துச் சிரித்த முகமாகவே, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"வீட்டுக்குள்ள வந்துச்சா, வேலியோட நின்னுச்சா?"

"இப்ப அதுவா அண்ணி முக்கியம்?"

"அதான் முக்கியம். என் தம்பி உப்பளத்தக் குத்தகைக்கு எடுத்துருக்கான். நாளைக்கு மழை கிழை வந்து அத்தனையும் கரைஞ்சு போச்சுன்னா?"

"மேடையில இருக்கற ஃபாரஸ்ட் சார்கிட்டயே குடுத்துடலாமா?"

"குடு. உன் மனுவப் படிச்சுட்டு உன்னையே புடிச்சுட்டுப் போவாரு."

எங்களுக்குப் பின்வரிசையில் மீனவர் குப்பத்து அண்ணன் ஒருவர் இருந்தார். கடலாமை முட்டைகளை நாய் கிளறாமல் காப்பாற்றி, குஞ்சு பொரித்ததும் வழி தவறாமல் கடலில் சேர்ப்பதில் பேர் வாங்கியவர். அன்று அவருக்குச் சால்வை போடுவதாக இருந்தது. அண்ணி அவர் காதில் விஷயத்தைச் சொன்னார்.

"இவ்ளோதானாக்கா? ஆமைய விடறது நமக்கு என்ன புதுசா. குடுங்க, கடல்ல விட்டுட்டு சால்வை போடறதுக்குள்ள வந்துர்றேன்."

துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்துவிட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. அதே நேரம் மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேடையேறினேன். குரல் நடுங்காமல் படித்தேன். இரண்டாவது பத்திக்கு வந்தேன். நட்சத்திர ஆமையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாதே என்று தேடிப் படித்து எழுதிய பத்தி அது. "வறண்ட முள்காட்டில் மட்டுமே வாழும், நீந்தத் தெரியாத இந்த ஆமை..."

அங்கேயே நின்றுவிட்டேன்.

"படிங்கம்மா" என்றார் எம்.எல்.ஏ.

"ஐயா, அந்த பைக்க நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். மைக் முன்னால் நிற்கிறேன் என்பது மறந்து போய்விட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த பைக்கும்மா?"

"கடலுக்குப் போற பைக்குங்க. அதுல ஆமை போகுது. அதுக்கு நீச்சல் தெரியாதுங்க ஐயா."

கூட்டத்தில் ஒருவர் தன் பைக்கை எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அண்ணி போனை எடுத்துக் குப்பத்து அண்ணனை அழைத்தார். பின்வரிசைக் காலி நாற்காலியில் அவருடைய போன் பக்திப் பாட்டோடு அதிர்ந்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எம்.எல்.ஏ. தன் காரைக் கொடுத்தார். அதில் நான், மகள், அண்ணி, முன்சீட்டில் வனக்காப்பாளர். கட்சிக் கொடி படபடக்க ஆமையைக் காப்பாற்றப் போனோம். போகிற வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் மயக்கம் போட்டிருப்பேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"மனுவுல தண்டனை எவ்ளோ போட்டிருக்கீங்க?"

"அது கையால எழுதுனதுதான் சார், மாத்திக்கலாம்" என்றார் அண்ணி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் புத்திசாலித்தனத்தால் ஓர் உயிர் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் என்றே நினைத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதற்குச் சளி பிடிக்குமா என்று கேட்டாள்.

கடற்கரையில் குப்பத்து அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஆமை ஈர மணலில் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பொறுமையாகத் தூக்கிக் கடலைப் பார்த்து வைத்தார். அது தலையை நீட்டிக் கடலை ஒரு பார்வை பார்த்தது. சாவகாசமாகத் திரும்பி, மறுபடி ஊரைப் பார்த்து நடந்தது.

"வா தங்கச்சி" என்றார் அவர். "இதுக்குத் திசையே புரியல. கரண்டு வெளிச்சத்தப் பாத்துக் குஞ்சுங்க தப்பாப் போவும், பாத்துருக்கேன். இது பட்டப்பகல்ல போவுது. சரி, தூக்கி உள்ளாறவே விட்டுடலாம்னு வேட்டியக் கட்டினேன், நீங்க வந்துட்டீங்க."

அலை ஒன்று வந்து ஆமையின் ஓட்டை நனைத்துவிட்டுப் போனது. நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். சட்டத்தைப் பற்றி அப்போது நினைவே இல்லை.

வனக்காப்பாளர் அதன் காலைத் தொட்டுக் காட்டினார். துடுப்பு மாதிரி இல்லை. யானையின் கால் மாதிரி கட்டையாக, நகத்தோடு இருந்தது. குப்பத்து அண்ணன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நல்லவேளை, அது என் பேச்சக் கேக்கல" என்று ஆமையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஷாமியானாவுக்குத் திரும்பினால் கூட்டம் கலையவே இல்லை. கூட்டம் கலையாததால் எம்.எல்.ஏ.வும் போகவில்லை. ஆமையைப் பார்த்தார். மகளிடம், "எங்கம்மா கெடச்சுது?" என்று கேட்டார்.

"ஜேசிபி நிக்குது இல்ல, அங்கேருந்து வந்துச்சு."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்க முள்காடு. மனை போடுவதற்காகச் சில நாட்களாக அதை மட்டமாக்கிக்கொண்டிருந்தார்கள். தூசி வருகிறது, குழந்தைக்கு இருமல் வரும் என்று ஜன்னலைச் சாத்தி வைத்தேனே தவிர, அங்கே யார் குடியிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஆமையத் தொட்டா நான் கேஸ் போடலாங்க ஐயா" என்றார் வனக்காப்பாளர். "அது மேயற முள்ள அழிச்சா, அது ஒருத்தரோட பட்டா நெலம். நான் என்னன்னு கேக்கறது?"

எம்.எல்.ஏ. என்னைப் பார்த்தார். "இது உங்க மனுவுல இல்லையேம்மா."

"இப்பதாங்க தெரியும்" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். மேடையிலேயே நின்று எழுதினேன். உயிரை மட்டும் காத்தால் போதாது, அது வாழும் இடத்தையும் சட்டம் காக்க வேண்டும். வழி தவறி வந்த உயிரைக் கண்டெடுத்தவர்கள் பயப்படாமல் ஒப்படைக்க வழி வேண்டும். அதற்கு அழைக்க வேண்டிய எண்ணைப் பள்ளிக்கூடத்திலும் படகுத் துறையிலும் எழுதிப் போட வேண்டும். "யாராயினும்" என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்தேன். இரண்டாம் தடவையும் யோசித்தேன். அடிக்கவில்லை.

எம்.எல்.ஏ. வாங்கிப் படித்துவிட்டு, "இந்த யாராயினும்ல நீங்களும் வர்றீங்களாம்மா?" என்றார்.

"வர்றேங்க ஐயா."

கூட்டம் கைதட்டியது. மனுவை மடித்து அவர் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். குப்பத்து அண்ணனுக்குச் சால்வை போட்டார்கள். வாங்கும்போது அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

வனக்காப்பாளர் ஆமையை என் பையிலேயே வைத்துப் பெருமுக்கல் மலைப் பக்கம் முள்காட்டில் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் மேகம் கறுத்தபோது அண்ணி என்னை முறைத்தார். மழை வரவில்லை. அந்த வருடம் உப்பு நன்றாகவே விளைந்தது, அதை மட்டும் அண்ணி ஆமைக் கணக்கில் சேர்க்க மாட்டார்.

சட்டமன்றம் கூடும்போதெல்லாம் அந்த மனுவின் நகலை இப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் கேட்ட திருத்தம் இன்னும் வரவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்க இரண்டாம் தடவை வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம், கடலுக்கு முதுகைக் காட்டி நடந்த அந்த ஆமை நினைவுக்கு வருகிறது: தன் வீடு எந்தப் பக்கம் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அது போய்ச் சேரும்போது அந்த வீடு அங்கே இருக்குமா என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.