தம்பியின் பக்கம்

கல்வெட்டு அடிப்பதுதான் என் தொழில். கல்லில் இல்லை, தாளில். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர். படம், தோற்றம், மறைவு, தேவாரம், பிள்ளைகள் புலம்புகிற பாட்டு, கடைசியில் நன்றி நவிலல். பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு பல வருடமாக ஊரையே அனுப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன். திடீர்ச் சாவு என்றால் பாட்டில் ஒரு வரி கட்டாயம் வரும்: 'ஒரு சொல்லும் சொல்லாமல் போனதேனோ.' எத்தனை பேருக்கு அதைப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. செத்தவீட்டுக்காரர் வாசித்து அழுவார்கள். நான் எழுத்துப் பிழை பார்ப்பேன்.

வீட்டில் கணினி ஒன்று, ஆட்கள் மூன்று பேர்: நான், அம்மா, என்னைவிட ஏழு வயது இளைய தம்பி. ஒருவர் எழும்பித்தான் மற்றவர் இருக்கவேண்டும் என்ற நிலையில் தினமும் சண்டை. அதற்குத் தம்பி ஒரு வழி செய்தான். ஒரே பெட்டிக்குள் மூன்று பேருக்கும் மூன்று பக்கம் திறந்துவிட்டான். விசைப்பலகையில் கன்ரோல், ஓல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எவ் ஏழு விசையை அமத்தினால் அவனுடைய பக்கம் வரும், எட்டில் என்னுடையது, ஒன்பதில் அம்மாவுடையது. யாரும் யாருக்காகவும் எதையும் மூடத் தேவையில்லை. விட்ட இடத்தில் விட்டபடி எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மாவின் பக்கத்தில் எந்நேரமும் மரண அறிவித்தல்கள்தான். கனடாவில் யார், லண்டனில் யார் என்று பார்க்காமல் அவருக்குக் காலைத் தேத்தண்ணி இறங்காது.

மூடத் தேவையில்லை என்பதைத் தம்பி வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கட்டப்போகிற வீடுகளுக்குப் படம் கீறுகிறவன் அவன். இருபது வீட்டுப் படம் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். அவன் பக்கம் பெருக்க என் பக்கம் நொண்டும். கேட்டால், "பெட்டி ஒண்டு, மெமறியும் ஒண்டுதானே அக்கா, கொஞ்சம் பொறு" என்பான். பொறுமை என் சாதகத்திலேயே இல்லை.

அன்று பின்னேரம் பதினாறு பக்கக் கல்வெட்டு ஒன்று சேமிக்கமுதல் என் பக்கம் அப்படியே உறைந்துவிட்டது. ஆட்கள் வெளியே காத்திருக்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"கட்டையிலை போறதுக்கு முதலெண்டாலும் உந்தப் பக்கத்தை ஒருக்கா மூடுவியோடா?"

"மூடுறன், மூடுறன். முதல் நீ வாயை மூடு" என்று சிரித்துக்கொண்டு கணினிக்கு முன்னால் போய் இருந்தான். கட்டையிலே போவான் என்பது எங்கள் வீட்டில் அவனுக்கு நான் வைத்த செல்லப் பெயர் மாதிரி. அவனும் பொருட்படுத்தியதில்லை, நானும் யோசித்ததில்லை.

அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் ஆள் இன்னும் அதிலேயே இருந்து எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான். அம்மா தினமும் விழுங்குகிற பிறஷர்க் குளிசை முடிந்திருந்தது.

"இன்னும் உதிலையே இருக்கிறாய்? எழும்படா, கடை பூட்டமுதல் குளிசையை வாங்கிக்கொண்டு வா!"

"ரெண்டு நிமிசம் அக்கா. உனக்குத்தான்…"

"உன்ரை ரெண்டு நிமிசம் எனக்குத் தெரியும். எழும்பு!"

திரையைப் பூட்டிவிட்டு எழும்பினான். அம்மா கைதவறி எதையும் அழித்துவிடுவார் என்று எப்போதும் பூட்டிவிட்டுத்தான் எழும்புவான். மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சந்தியில் மணல் ஏற்றிவந்த டிப்பர். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. குளிசைப் பையைப் பொலிஸ்காரர் கொண்டுவந்து தந்தார்கள். அந்தக் குளிசையை அம்மா இன்றுவரை தொடவில்லை.

சாம்பல் அள்ளிக் காடாற்று முடிந்த பிறகு ஒரு நாள் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். அவன் பக்கத்துக்கு எவ் ஏழு விசையை அமத்தினேன். அவன் பெயர், கடவுச்சொல் கேட்கிற ஒரு கட்டம், மேலே மணிக்கூடு. மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் அவன் விட்ட வேலை விட்டபடியே கிடக்கிறது. எனக்குத்தான் என்றானே, அது என்ன? தெரிந்த சொல்லெல்லாம் போட்டுப் பார்த்தேன். மோட்டார்சைக்கிள் இலக்கம், அம்மாவின் பெயர், எங்கள் பிள்ளையார் கோயில். எல்லாம் பிழை என்றது.

அணைத்தால் அதுவும் போய்விடும் என்று அதற்குப் பிறகு பெட்டியை அணைக்க நான் விடவில்லை. ஒரு முறை கரண்ட் போய், யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கியபோது மதிலடிக்கு ஓடிக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டர் வயரை மதிலுக்கு மேலால் எறிந்தார். வீடு முழுக்க இருட்டாய்க் கிடக்க, அந்தப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஊர் என்னைப் பைத்தியம் என்று சொல்லியிருக்கும். சொல்லட்டும்.

ஆனால் அந்தியேட்டி வருகிறதே! தம்பிக்கும் கல்வெட்டு வேண்டும். அச்சகத்துக்குப் போய் அங்கே செய்திருக்கலாம், முப்பத்தொன்று கழியமுதல் படியிறங்கக்கூடாது என்று அம்மா பிடிவாதமாய் நின்றார். வேறு ஆளிடம் கொடுக்க எனக்கும் மனமில்லை. என் பக்கத்தில் செய்யத் தொடங்கினேன். வழமையான பாட்டு, வழமையான வரி, 'ஒரு சொல்லும் சொல்லாமல் போனதேனோ.' என் கை அதைத் தானாகவே அடித்தது. பிறகு அவன் படத்தை வைத்தேன். பெட்டி உறைந்தது. மூன்று நாள், எத்தனை தரம் வைத்தாலும் அவன் படத்தோடு உறைந்தது. அவன் பக்கம் மெமறியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

இருபத்தேழாம் நாள் சந்தியில் கணினி திருத்துகிறவரைக் கூப்பிட்டேன். முகத்தில் அடித்தமாதிரிப் பேசுகிற மனுசன், ஆனால் பொய் சொல்லமாட்டார்.

"உள்ளதைச் சொல்லுறன் அக்கா. தம்பியின்ரை கடவுச்சொல்லை மாத்தலாம். ஆனால் பெட்டியை நிப்பாட்டித் திருப்பி எழுப்பித்தான் மாத்தலாம். நிப்பாட்டினால் சேமிக்காததெல்லாம் போயிடும்."

"உள்ளை போகவேணுமெண்டால் உள்ளை இருக்கிறதைக் கொல்லவேணும். அப்பிடித்தானே?"

"ஓம். சிலவேளை தானாய் ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கும். வாக்குத் தரமாட்டன்."

அம்மாவைப் பார்த்தேன். அவர் வாசற்படியில் இருந்து, "படமில்லாமல் என்ரை பிள்ளைக்குக் கல்வெட்டோ?" என்று மட்டும் கேட்டார்.

திருத்துகிறவரைப் பொத்தானை அமத்த விடவில்லை. நானே அமத்தினேன். இருபத்தேழு நாளாகப் பெட்டிக்குள் ஓடிய காற்றாடி நின்றது. அன்று செத்தவீட்டில் அழாத நான் அப்போது குழறி அழுதேன். அவர் பென் டிரைவைச் செருகிவிட்டு வெளியே போய் நின்றார்.

பெட்டி திரும்ப எழும்பியது. புதுக் கடவுச்சொல் போட்டு அவன் பக்கத்துக்குள் போனோம். ஒரு கோப்பு மிஞ்சியிருக்கிறது, மீட்கவா என்று கேட்டது. மீட்டோம். வாசித்தேன்.

'அக்காவுக்கு. உன்ரை பக்கம் உறைஞ்சால் கத்தாமல் இப்பிடிச் செய்.
கன்ரோல், ஓல்ட், எவ் ஏழு.
கீழை சொல்லுற கடவுச்சொல்லைப் போடு.
திறந்து கிடக்கிறதைப் பாக்காதை, வெளியேறு எண்டதை அமத்து. முக்கியமானது ஒண்டுமில்லை, எல்லாம் திருப்பிக் கீறலாம்.
கடவுச்சொல்:'

அதற்குப் பிறகு வெறுமை.

"மிச்ச எழுத்து எங்கை?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதான் அக்கா. இதுக்கு மேலை அவர் அடிக்கேல்லை."

அந்த இடத்தில் ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரெண்டு நிமிசம் கேட்டான், நான் கொடுக்கவில்லை.

என் பக்கத்துக்குப் போனேன். இப்போது எல்லாம் பறந்தது. படம் ஒரே தடவையில் வந்து இருந்தது. பாட்டுக்குப் போய் 'ஒரு சொல்லும் சொல்லாமல் போனதேனோ' என்ற வரியை அழித்தேன். வேறு வரி எனக்கு வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சுக்கு அனுப்பினேன். அந்தியேட்டிக்கு வந்தவர்களில் இரண்டு பேர், ஒரு வரி விடுபட்டுப்போச்சு, கவனிக்கேல்லையோ என்று கேட்டார்கள். ஓம், என்ரை பிழைதான் என்றேன்.