‘ஆளு காலி’ என்று ஒரு தகவல்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குற்றாலத்தில் சாரல் நன்றாக இறங்கியிருந்த ஓர் ஆனி மாதத்தில் நடந்தது இது. தென்காசியில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது என் வேலை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கிடைத்த வேலை. துப்பாக்கியைப் பார்த்து வாடிக்கையாளர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள். அது தானாக வெடித்துவிடுமோ என்று அவர்களைவிட நான் அதிகம் பயப்படுவேன். பயம் வந்தால் எனக்கு வாயில் வேடிக்கைக் கதை வரும். அதனாலேயே என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஊரில் உண்டு. நான் திருத்தியதில்லை.

அன்று மதியம் என் பட்டாளத்துக் கூட்டாளி வந்தான். ஒரே நாளில் ஆள் எடுப்பில் நின்று, ஒரே ரயிலில் பயிற்சிக்குப் போனவர்கள் நாங்கள். சொந்தம் கிடையாது, ஆனாலும் அவனுக்கு நான் மாப்ளே, எனக்கு அவன் மச்சான். இப்போது பாவூர்சத்திரம் பக்கம் கத்தரி போட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறான். நான் பேசி முடித்து மிச்சம் இருந்தால் அவன் பேசுவான். அதாவது, பேசவே மாட்டான்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சங்கதி இருக்கிறது. இருபது வருஷத்துக்கும் முன்னால், வடக்கே எல்லையில் ஒரு மலைச் சரிவில் சண்டை நடந்தபோது ஒரு குண்டு என் இடுப்புச் சதையை உரசிக்கொண்டு போனது. காயம் பெரிதில்லை. ஆனால் ரத்தத்தைப் பார்த்ததும் நான் மயங்கி விழுந்துவிட்டேன். இவன்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். அதற்காக இவனுக்கு ஒரு பதக்கம் என்று யூனிட்டில் எல்லாரையும் அணிவகுத்து நிற்கவைத்து அறிவித்தார்கள். பலமாகக் கைதட்டினோம். பிறகு ஆளுக்கொரு பக்கம் மாற்றலாகிப் போனோம். அந்தப் பதக்கம் இவனுடைய பணிப்பதிவில் ஏறவே இல்லை என்பது ஓய்வு பெற்று வந்தபிறகுதான் தெரிந்தது. போனால் போகிறது என்று இவனும் விட்டுவிட்டான்.

விட்டதை மறுபடி எடுக்கவைத்தவர் அவன் சம்பந்தி. அந்த வருஷம்தான் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தான். சம்பந்தி ஓய்வு பெற்ற போலீஸ்காரர். அவர் வீட்டு விசேஷத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, யாரோ கேட்டார்களே என்று இவன் பதக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கிறான்.

“டிஸ்சார்ஜ் புக்குல இருக்கா?” என்று கேட்டிருக்கிறார் சம்பந்தி. இல்லை என்றதும், “புக்குல இல்லாத பதக்கத்த யாரு வேணும்னாலும் சொல்லலாம்லா” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டாராம். மகள்தான் அந்தப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எம்மவ நிமிந்தே பாக்கல மாப்ளே” என்றான் கூட்டாளி. “சாம்பார் வாளியத் தூக்கிட்டு உள்ள போயிட்டா.”

அதற்குப் பிறகு ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். அங்கிருந்து போன் வந்ததாம். அடுத்த வாரம் தென்காசியில் முன்னாள் படைவீரர்களுக்கு முகாம் நடக்கிறது, அதிகாரியே வருகிறார், நடந்ததைச் சொல்ல சாட்சியோடு வரவேண்டும் என்று சொன்னார்களாம்.

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்த? நா வாரேன்லே” என்றேன்.

“ஒரு சின்னச் சிக்கல் இருக்கு.”

“என்னது?”

“ரெக்கார்டுல நீ செத்துப்போயிட்டன்னு இருந்திருக்கு மாப்ளே.”

நடந்தது இதுதான். சண்டை நேரத்தில் எதிரி ஒட்டுக்கேட்டாலும் புரியக்கூடாது என்று வயர்லெஸ்ஸில் எங்கள் ஊர்ப்பேச்சிலேயே பேசச் சொல்வார்கள். நான் மயங்கிக் கிடந்ததைப் பார்த்ததும் இவன் செட்டை எடுத்து, “ஆளு காலி. தூக்கிட்டு வாரேன்” என்று சொல்லியிருக்கிறான். இவனுக்கு ‘காலி’ என்றால் எல்லாம்தான். பசித்தாலும் ஆளு காலி, தூக்கம் வந்தாலும் ஆளு காலி, காலையில் மைதானத்தை மூன்று சுற்று ஓடி வந்தாலும் ஆளு காலி. கீழே செட்டில் இருந்தவரும் தமிழ்க்காரர்தான், ஆனால் வேறு மாவட்டம். அவர் ஊரில் காலி என்றால் முடிந்தது. நான் இறந்துவிட்டதாகவும், என் உடலை இவன் மீட்டு வந்ததாகவும் எழுதிவிட்டார். எதிரிக்குப் புரியக்கூடாது என்று பேசியது நம் ஆளுக்கும் புரியாமல் போனது. நான் ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்து சப்பாத்தி கேட்கிறேன் என்று தெரிந்ததும், தப்பான தகவல் என்று அந்தப் பதிவையே மொத்தமாக ரத்து செய்திருக்கிறார்கள். இல்லாத உடலைத் தூக்கி வந்தவனுக்குப் பதக்கம் எதற்கு? யூனிட்டுக்குத் தெரியாமலே அதுவும் கூடவே போய்விட்டது.

அவன் போனதும் எனக்கு வேர்த்துவிட்டது. வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று லைஃப் சர்டிபிகேட் கொடுத்துப் பென்ஷன் வாங்குகிறவன் நான். மூடிக் கிடந்ததைத் திறந்து, நான் செத்த சங்கதி மறுபடி வெளியே வந்தால்? கம்ப்யூட்டரில் எவனாவது விரலைத் தவறாக வைத்துவிட்டால்? பென்ஷன் நிற்கும். செத்தவனை வைத்து எந்த வங்கியும் காவல் காக்காது என்பதால் இந்த ஸ்டூலும் போகும். சாயங்காலம் வரை யோசித்து யோசித்து, என் கருமாதிக்கு யார் யார் வருவார்கள் என்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி பூரி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“செத்தவியளுக்கு எதுக்குங்க பூரி? எள்ளும் தண்ணியும் எறச்சா போதாதா?” என்றாள்.

“வெளையாடாதட்டி. பென்ஷன் நின்னுட்டா என்ன செய்ய?”

“குடும்பப் பென்ஷன் எனக்கு வரும்லா. நீங்க ஒரு ஓரமா இருந்துட்டுப் போங்க.” அப்புறம் திரும்பிப் பார்த்து, “அந்த அண்ணன் தூக்கிட்டு வரலன்னா இப்ப பூரி கேக்க ஆள் ஏது? ஒழுங்கா போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள்.

நான் தலையாட்டினேன். முகாம் நாளன்று வங்கிக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். குற்றாலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மறைவதற்குக் குற்றாலத்தைவிட நல்ல இடம் கிடையாது. எல்லாரும் அரை நிர்வாணமாக இருப்பார்கள், யாரும் யாரையும் அடையாளம் காண முடியாது. அருவிக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் போய்க் குப்புறப் படுத்தேன். அவர் தலையில் ஆரம்பித்துப் பாதம் வரை அரைத்து எடுத்தார். சாயங்காலம் வரை இப்படியே பொழுதை ஓட்டினால் முகாம் முடிந்துவிடும், நாளைக்குப் போய் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். எண்ணெய் நன்றாக ஊறி, எழுந்து கோவணத்தோடு குளிக்கக் கிளம்பும்போது சைரன் ஊதியது. மலையில் மழை, அருவியில் வெள்ளம். போலீசார் விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள்.

“இன்னிக்கு இனி விட மாட்டாவ அண்ணாச்சி” என்றார் எண்ணெய்க்காரர். “கட்டணக் குளியலறை இருக்கு, அங்கன போங்க.”

அருவியில் இருந்து துரத்தப்பட்ட கூட்டம் முழுவதும் அந்தக் குளியலறை வாசலில்தான் நின்றது. வரிசையின் வால் எங்கே என்று தேடிப் போய், பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் கண்டுபிடித்து நின்றேன். துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்க, பொரித்தெடுத்த அப்பளம் மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. காய் கொண்டுபோகும் பைக்.

“‘எங்கயும் காணலன்னா குத்தாலத்துல பாருங்க’ன்னு ஒம் பொஞ்சாதிதான் சொன்னா” என்றான் கூட்டாளி. “ஏறு.”

“எண்ணெயா இருக்கேன்லே.”

“சாக்கு இருக்கு. சுத்திக்கோ.”

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவன் வண்டியைக் கிளப்பினான். சட்டை வேட்டியை மேலே மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் கத்தரிக்காய்ச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. எண்ணெய் மேல் விழுந்த தண்ணீர் என்ன செய்யுமோ அதையே செய்தது.

தென்காசிக்குள் நுழையும்போதுதான் வாயைத் திறந்தான்.

“சம்பந்தி இன்னொண்ணும் சொன்னாரு. ஒங்கிட்ட சொல்லல.”

“என்ன?”

“‘ஒம்ம கூட்டாளி அந்தக் கதைய எத்தன கல்யாண வீட்டுல சொல்லிருக்காரு. நாங்க கேட்டதுதானே. மூட்டய ரெண்டு தடவ கீழ போட்ட சுமைக்காரனுக்கு என்னத்துக்குவே பதக்கம்’னாரு.”

உண்மைதான். அந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு இல்லை. நான் மயங்கி விழுந்ததில் ஆரம்பிப்பேன். இவன் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும், நெல்மூட்டையைப் போடுவதுபோல் வழியில் இரண்டு தடவை தொப்பென்று கீழே போட்டதையும் உடம்பை வளைத்து நடித்தே காட்டுவேன். சாப்பிட்டுக் கொண்டிருப்பவர்களுக்குப் புரை ஏறும். இவனும் எத்தனையோ தடவை பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறான், சிரித்தும் இருக்கிறான்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகளில் முன்னாள் படைவீரர்கள் காத்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் நல்லெண்ணெய் வாசனைக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஜைக்குப் பின்னால் வடநாட்டு அதிகாரி ஒருவர், அவருக்குப் பக்கத்தில் தமிழ் தெரிந்த கிளார்க். கிளார்க் சென்னைப் பக்கத்துக்காரர்.

“காலின்னா ஆள் க்ளோஸ்னுதானே அர்த்தம்?” என்றார் அவர்.

“எங்க ஊர்ல அப்பிடி இல்ல சார். டீ குடிக்கலன்னாலும் காலிதான்” என்றான் இவன், விறைப்பாக நின்றுகொண்டு.

அதிகாரி என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். பயம் வந்தால் எனக்கு என்ன வருமோ அதுதான் வந்தது. பட்டாளத்து இந்தியில், “சார், இவன் என்னை மூட்டை மாதிரி ரெண்டு தடவை கீழே போட்டான்” என்று ஆரம்பித்துக் கையைக் காலை வளைத்துக் காட்டினேன். அதிகாரியின் உதடு லேசாக அசைந்தது. நாற்காலிகளில் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

கூட்டாளி என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: “மாப்ளே, இந்த ஒரு தடவ சிரிக்காம சொல்லுலே.”

சிரிக்காமல் அதை எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அதுவரை சொன்னதில்லை. வளைத்த கையைக் காலை நேராக்கி நின்றேன். பிறகு நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். எல்லாரையும் கீழே இறங்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. பாதி தூரம் இறங்கியவன் எனக்காகத் திரும்ப மேலே வந்தான் என்று கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மேலிருந்து சுட்டார்கள். கை வழுக்கி அவன் என்னைப் போடவில்லை. போட்டுவிட்டு என் மேல் கவிழ்ந்து படுத்தான். சத்தம் ஓய்ந்ததும் தூக்கினான். மறுபடி சுட்டார்கள். மறுபடி போட்டு, மறுபடி என் மேல் படுத்தான்.

“நீதான் மயக்கத்தில் இருந்தாயே, உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அதிகாரி.

“தூக்கின கொஞ்ச நேரத்திலேயே தெளிந்துவிட்டது சார். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் இறக்கிவிட்டு நடக்கச் சொல்லிவிடுவானோ என்று பயம்.”

இதைவிட நல்ல வேடிக்கையை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை. மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். என் முழங்கை பட்ட இடமெல்லாம் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதால் வேறு காகிதம் எடுத்துக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து டீ குடித்தோம்.

“நா முழிச்சிருந்தது ஒனக்குத் தெரியுமா மச்சான்?”

“தெரியும்.”

“எப்பிடி?”

“மயக்கத்துல கெடக்கவன் அப்பிடியா கழுத்த நெரிப்பான்? எனக்கு மூச்சு முட்டிட்டு” என்றான். டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பல மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. அவன் பதக்கம் பதிவில் ஏறியது. அதோடு ஒட்டிக்கொண்டு என் காயத்துக்கும் ஒரு பதக்கம் ஏறியது, சோப்பு வாங்கினால் கிடைக்கிற ஸ்பூன் மாதிரி. என் பென்ஷன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. என் மனைவிக்கு அதில் லேசான ஏமாற்றம் என்றுதான் நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் புக்கில் திருத்திய பக்கத்தைக் கூட்டாளி சம்பந்தி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. மகளே வந்து வாங்கிக்கொண்டு போய் மாமனார் முன்னால் வைத்தாளாம். அவர் கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை படித்துவிட்டு, “சரிதான்” என்றாராம். அவ்வளவுதான்.

கல்யாண வீடுகளுக்கு இப்போதும் போகிறேன், இப்போதும் கதை கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் கதையில் இன்னொருவர் இருந்தால் அவர் செய்ததை முதலில் சிரிக்காமல் சொல்லி முடித்துவிடுகிறேன்; மிச்சம் இருப்பது நான் மட்டும்தான், அதை எவ்வளவு இழுத்தாலும் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.