கம்பித் தடுப்புக்குப் பின்னால்

எங்கள் மாதா கோயிலின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. பீடத்தை ஒட்டி எங்கள் சாதியார் உட்காருவோம். தடுப்புக்குப் பின்னால் சேரிக்காரர்கள். பிணம் சுமக்கும் தூம்பாகூட இரண்டு பேருக்கும் தனித்தனிதான்.

அந்த வருஷம் பிளேக் வந்தது. என் கணவர் விடியற்காலையில் இறந்தார். எங்கள் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவரோடு கூடப்பிறந்த கொழுந்தனார்கூடத் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு ஓடிவிட்டார். வெயில் ஏறிய பிறகு சேரியிலிருந்து நான்கு பேர் தங்கள் தூம்பாவோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏனுங்கம்மா, எங்க தூம்பாவுல வெக்கலாமுங்களா?" என்று அவர்களில் ஒருவரான அந்தோணி கேட்டார். பிளேக்குக்குப் பயப்படாதவர், எங்கள் சாதிக்குப் பயந்து கேட்டார். அவரை அப்படிக் கேட்க வைத்ததே எனக்கு வெட்கமாக இருந்தது.

"வெய்யுங்க" என்றேன். ஜெபம் சொல்லிக்கொண்டே சுமந்துபோய் அடக்கம் செய்தார்கள்.

நோய் அடங்கிக் கோயில் திறந்த முதல் ஞாயிறு, நான் தடுப்புக்குப் பின்னால் அந்தோணியின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொழுந்தனார் பதறிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க அண்ணி, மானம் போகுது. நம்ம எடத்துக்கு வாங்க."

"எங்கூட்டுக்காரரைச் சுமந்த தோளு இங்கதானுங்க இருக்குது. கோயிலும் இங்கதானுங்க" என்றேன். பீடம்வரை கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் பின்னால்தான் உட்காருகிறேன். நான் கோயிலையே விட்டுப் போய்விட்டதாக உறவுக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். அந்தக் கம்பியை அறுத்தெறியட்டும், முன்னால் வருகிறேன். அந்தோணியின் மனைவியும் என்னோடு வருவாள்.