பாறை மேல் ஏறிய ஊர்

போன் மேப்பில் தேடினால் எங்கள் ஊரே கிடையாது. பேச்சிப்பாறை அணை நீலமாகக் கிடக்கும். அதற்கு மேலே மொத்தமும் பச்சை. நாற்பது வீடு, ஒரு சாயாக்கடை, ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை எல்லாவற்றையும் அந்தப் பச்சை தின்றுவிட்டது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றால், எனக்குத்தான். முப்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் அமையவில்லை.

முன்பெல்லாம் பெண்வீட்டார் ஜாதகம் கேட்பார்கள். இப்போது லொகேஷன் கேட்கிறார்கள். அனுப்பினால் மறுநாள் தரகர் வந்து தலையைச் சொறிவார். “பொண்ணுக்க அப்பா, வெறும் காடாட்டு இருக்கேன்னு சொல்லுகாரு. ஆனை வருமான்னு கேக்காரு.” ஆனை வரும்தான். அதற்காக அடுக்களைக்குள் வந்து சாயாவா கேட்கிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோட்டாற்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த என் அக்காள் கணவர் களத்தில் குதித்தார். “மேப்புல யாரு வேணும்னாலும் எடம் சேக்கலாம் மக்கா. நான் பாத்துக்கிடுதேன்.” முதலில் எங்கள் வீட்டைச் சேர்த்தார். சாயாக்கடை ரெஸ்டாரண்ட் ஆனது. பஸ் திரும்புகிற பலாமரத்தடி பஸ் ஸ்டாண்ட் ஆனது. வீட்டுக்கு வந்து அவர் சொன்னபோது “போதும் அத்தான்” என்றேன். “சும்மா இருல” என்று மறுநாள் போய் ஒரு பியூட்டி பார்லரையும் சேர்த்துவிட்டார். பெண்வீட்டாருக்குப் பரம திருப்தி. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

ஞாயிறு மத்தியானம் ஆகியும் ஒருவரையும் காணோம். அம்மை பொரித்த பழம்பொரி ஆறிக்கொண்டிருந்தது. போன் பண்ணிக் கேட்கலாமென்றால் எங்கள் வீடுகளில் ரேஞ்ச் கிடையாது. ஊருக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

பாறை உச்சியில் பட்டுச்சேலைகளும் பழத் தாம்பாளமுமாக ஏழு பேர் வியர்த்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா போனை நீட்டினார். “தம்பி, இதுதான் ஊருன்னு மேப்பு சொல்லுகு. பஸ் ஸ்டாண்ட் எங்க?”

“பியூட்டி பார்லர்?” என்றார் ஒரு பெரியம்மா.

அடப்பாவி அத்தான்! ரேஞ்சுக்காகப் பாறையில் நின்றே எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார். அவர் நின்ற இடத்தையே ஊராகக் குறித்து வைத்திருக்கிறது மேப். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. மகளை வீடியோவில் கூப்பிட்டார். “மக்களே, எல்லாம் கள்ளம். நாங்க திரும்பி வாறோம்.” இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

“போனை அவிய கையில குடுங்கப்பா” என்றாள் அவள். வாங்கினேன். “ஊரைக் காட்டுங்க.”

போனைக் கீழே திருப்பினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே கூரைகள் தெரிந்தன. “அது சாயாக்கடை. பெஞ்சு ஒண்ணுதான். அது ஷீட் கொட்டகை, நாத்தம் அடிக்கும். ஆனையும் வரும்.”

“உங்க வீடு?”

“அந்தா, நீலத் தகரம் போட்டது. வாசல்ல நிக்கது எங்க அம்மை.”

அவள் முகம் திரைக்குக் கிட்டே வந்தது. பிறகு, “அப்பா, முத்தத்துல அத்தை காத்து நிக்காவ. சட்டுன்னு எறங்குங்க” என்றாள்.

அத்தை என்றா சொன்னாள் என்று பக்கத்திலிருந்த பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் தாம்பாளத்தைத் தூக்கி என் கையில் வைத்து, “நடங்க மாப்ள” என்றார்.